வலி போன தோள்

சூளகிரி,
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் கோபிக்கு, அம்மா ரங்கம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஜோதிமணி எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். நலம் என்று எழுதட்டுமா என்று ஜோதி கேட்டாள், இருக்கிறோம் என்று மட்டும் எழுது, மீதியைப் படித்து அவனே தெரிந்துகொள்வான் என்றேன். அந்த வெயில் ஊரில் நீ உடம்பு சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். ஃபோனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் வாயைத் திறந்தால் கண்ணைக் காட்டுகிறார், நீயும் சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நம் ஊர் சென்னகிருஷ்ணன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான், உன் ரூமுக்குப் பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறான், அதனால் கொள்ளுப் பொடியோடும் ராகி மாவோடும் இதையும் அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஜோதி ஒன்பதாவதோடு நின்றவள் என்றாலும் அவள் எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, பிழை இருந்தால் கிண்டல் பண்ணாதே, ஏற்கனவே வாயைத் திறக்காத பிள்ளை.

போன வெள்ளிக்கிழமை நீ ஒன்று கேட்டாய். உன் ரூமில் இருக்கிற ஒருத்தர் முதுகுக்கு, கிண்ணம் கவிழ்த்துச் சதையை இழுக்கிற அந்தக் கப்பு வைத்துக்கொண்டார், அங்கே அதற்கு ஹிஜாமா என்று பேர், "எனக்கும் இடுப்பு புடிச்சிக்கிட்டிருக்கும்மா, அப்பாவுக்கு வெச்சாங்களே, நல்லா கேட்டுச்சில்ல, நானும் வர்ற வெள்ளிக்கெழம வெச்சிக்கிட்டு மறுநாளு டூட்டிக்குப் போயிடறேன்" என்றாய். நல்லா கேட்டுச்சுடா என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அது பாதி. மீதிப் பாதியை நான் விழுங்கிவிட்டேன். உனக்கு அதைச் சொல்லாமல் நீ போய்ப் படுத்து எழுந்து மறுநாள் வேலையில் அந்த இரும்புக் குழாயைத் தூக்கினால் அந்தப் பாவம் எனக்குத்தான் வரும்.

நல்லதை முதலில் சொல்கிறேன், அதையும் நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உன் அப்பாவுக்கு ஐப்பசியில் வலது தோள் பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். கம்பெனியில் வார்ப்பு இரும்புத் துண்டுகளை எடுத்து எடுத்துத் தலைக்கு மேல் உள்ள ரேக்கில் வைக்கிற வேலை, ஒரே பக்கமாகத் திரும்பி ஒரே கையால் வைத்தால் எந்தத் தோள் தாங்கும். தலை சீவ முடியவில்லை, சட்டையை ஜோதிதான் மாட்டிவிட்டாள், வலப்பக்கம் படுத்தால் சுருக்கென்று எழுந்து உட்கார்ந்துகொள்வார். பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு டாக்டர் சொன்னார், எலும்பையும் சதையையும் சேர்த்துப் பிடிக்கிற தசைநார் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, பாதி நிற்கிறது, ஓய்வு கொடுத்து உடற்பயிற்சி செய்தால் ஆபரேஷன் இல்லாமலேயே ஆறக்கூடும் என்று. பயிற்சி செய்யச் சொன்னால் வலியில் கையை அசைக்கவே முடியவில்லை, அதனால் அங்கேயே இருக்கிற இயற்கை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் இளகுகிற மாத்திரை சாப்பிடுகிறாரா, தோலில் புண் ஏதாவது உண்டா என்று எல்லாம் கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் கிண்ணம், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி ஒரு கைப்பம்பு, ஆனால் இது காற்றை வெளியே இழுக்கிறது. தோளிலும் தோள்பட்டைக்குக் கீழேயும் வைத்து இழுத்ததும் சதை பணியாரம் மாதிரி உப்பி மேலே வந்தது. எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. உன் அப்பா கவிழ்ந்து படுத்தபடியே, "கன்னுக்குட்டி மடியில முட்டி இழுக்கற மாதிரி இருக்குது, நோவு இல்ல" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "அப்ப பால் வந்தா சொல்லுங்க மாமா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது ஒவ்வொரு இடத்திலும் நாவப்பழ நிறத்தில் வட்டம் வட்டமாகத் தடம் இருந்தது. ஒரு வாரத்தில் மஞ்சளாகி மறைந்துபோனது.

சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு ராத்திரி அவர் வலப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினார். அடுத்தடுத்துப் போகப் போக கழுத்து திரும்பியது, கை காது வரைக்கும் வந்தது, சுவரில் விரலால் ஏணி ஏறுவது போல ஒரு பயிற்சி சொல்லியிருந்தாள், அதைச் செய்ய முடிந்தது. அதுதான் அதன் நன்மை என்று டாக்டரம்மா சொன்னாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இறுகிக் கிடக்கிற சதை இளகும், அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடும், வலி கொஞ்ச நாளைக்கு அடங்கும், அந்தக் கொஞ்ச நாளில் பயிற்சியைச் செய்துகொண்டால் உள்ளே ஆறுவதற்கு வழி கிடைக்கும், எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்கும் என்று நான் சொல்ல மாட்டேன், உங்களுக்குக் கேட்கிறது என்றாள். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஆனா கிழிஞ்சத இந்தக் கிண்ணம் தைக்காது, அது ஆற மாசக்கணக்கு ஆகும், அதுவரைக்கும் தோளுக்கு மேல எதையும் தூக்கக் கூடாது" என்றாள். நாங்கள் இருவரும் தலையாட்டினோம். முதலில் சொன்னதெல்லாம் வீட்டுக்கு வந்தது, கடைசியில் சொன்னது ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டது. இதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவும் முழங்காலுக்குப் போனாள், சர்க்கரை கூடியிருக்கிறது, காலில் ஆறாத கீறல் வேறு இருக்கிறது, இப்போது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் கோபித்துக்கொண்டு ரோட்டோரம் முடிவெட்டுகிற இடத்தில் நெருப்புக் காட்டிக் கிண்ணம் வைத்துக்கொண்டாள், கொப்புளம் வந்து புண்ணாகி இன்னும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

இனிமேல்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது. மாசியில் ஆஞ்சப்பன் பெரியப்பா போனபோது உனக்கு ஃபோனில் சொன்னோம், நீ அழுதாய், வர முடியவில்லை. எடுப்பது வரைக்கும் எல்லாம் சரியாக நடந்தது என்று சொன்னேன் அல்லவா, அது சரியில்லை. பெரியப்பாவுக்கு ஆண் பிள்ளை கிடையாது, நம் பங்காளிகளுக்குள் பாடையின் முன்பக்கத்து வலது கொம்பு கூடப் பிறந்தவனுக்கு என்பது உனக்கே தெரியும். உன் அப்பாவுக்கு அந்த வாரம்தான் கப்பு வைத்திருந்தது. குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திறந்த உடம்பாக வந்து நின்றபோது முதுகிலும் தோளிலும் அந்த வட்டங்கள் கருகருவென்று தெரிந்தன. எல்லோரும் அழுதுகொண்டிருக்கிற இடத்தில் பங்காளி வீட்டுத் திம்மராயன் சித்தப்பா உன் அப்பாவைப் பார்த்து, "என்னா கரியப்பா, ரங்கம்மா முதுகுல இட்டிலி ஊத்தி எடுத்தாளா" என்றார். அழுதுகொண்டிருந்த பொம்பளைகளே சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அத்தோடு விடாமல், நோவாளி ஒதுங்கிக்கோ, என் மவன் புடிக்கட்டும் என்று கொம்பில் கை வைத்தார். உன் அப்பா அந்தக் கையை எடுத்துவிட்டு, "என் அண்ணன். நான் புடிக்காம வேற யாரு புடிக்கறது" என்றார். நான் போய் வாணாங்க, டாக்டரம்மா சொன்னாங்க இல்ல என்று காதோரம் சொன்னேன். வலியே இல்லடி, இங்க பாரு என்று கையை நேராக மேலே தூக்கிக் காட்டினார். தூக்க முடிந்தது கோபி. அதைப் பார்த்ததும் எனக்கும் சரியென்றுதான் பட்டது. வலி போய்விட்டது, அப்படியென்றால் நோவும் போய்விட்டது என்று அந்த வாசலில் நின்ற அத்தனை பேருமே நினைத்தோம். அதனால் அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

சுடுகாட்டுக்கு நாம் போகிற ஏரிக்கரைப் பாதை இப்போது இல்லை, நீ போன பிறகு அங்கே புதுக் கம்பெனியின் காம்பவுண்டு சுவர் வந்துவிட்டது. ஹைவேயை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் சுற்றிக்கொண்டு போய், ஒரு இடத்தில் இரும்புத் தடுப்பைத் தாண்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். லாரிகள் போய்க்கொண்டிருக்க, பாடையைத் தலைக்கு மேல் உயர்த்தி அந்தப் பக்கம் நிற்கிறவர்களிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. பொம்பளைகள் நாங்கள் தெருமுனையோடு திரும்பிவிட்டோம், இதெல்லாம் திம்மராயன் சித்தப்பா பிறகு சொன்னதுதான். இன்னும் மேல, இன்னும் மேல என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்களாம், பெரியப்பாவின் முழுப் பாரமும் முன்பக்கம் சாய்ந்த நேரத்தில் உன் அப்பா ஒரு தடவை ஹக் என்றாராம். பழைய வேட்டியைக் கிழித்தால் வருகிற சத்தம் தோளுக்குள் கேட்டது என்று உன் அப்பாவே பிறகு என்னிடம் சொன்னார். பாடையை விடவில்லை. இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு கடைசி வரைக்கும் போய், எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டுத்தான் வந்தார்.

வந்தவர் வாசலில் வலது முழங்கையை இடது கையால் ஏந்திக்கொண்டு நின்றார். அண்ணன் போன துக்கத்தில் நிற்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம். இந்த இடத்தில் ஜோதி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், தன்னைப் பற்றி எழுத மாட்டாளாம். நான் சொல்றத எழுதறதுதான் உன் வேலை, எழுதுடி என்று அதட்டி எழுத வைக்கிறேன். சொந்தக்காரர்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பிள்ளை அல்லவா இவள், பூ கம்பெனியில் ரோஜாவுக்கு முள் எடுக்கிறாளே, அங்கேயும் சூப்பர்வைசர் பேர் கேட்டால் பக்கத்தில் இருக்கிறவள்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு இவள்தான் பார்த்திருக்கிறாள், கால் கழுவக் கொடுத்த சொம்பை அவர் வலது கையால் எடுக்கப் போய் கை பாதியிலேயே தொங்கிவிட்டதை. ஆம்பளைகள் உட்கார்ந்திருந்த நடுவாசலைக் குறுக்கே கடந்து வந்து, "அப்பாவுக்குக் கை வரல. எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்கீங்க. கை வரல" என்று சொன்னாள். அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் எழுந்தவர் திம்மராயன் சித்தப்பாதான். ஈர வேட்டியைக்கூட மாற்றாமல் வண்டியை எடுத்து, உன் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்றைக்கு வரைக்கும் வாரம் தவறாமல் வந்து பார்க்கிறார், டீ குடித்துவிட்டுப் போகிறார்.

பாதி நின்ற தசைநார் முழுசாக அறுந்துவிட்டது. சித்திரையில் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். செய்தாலும் கை பழையபடி தலைக்கு மேல் போகும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார். இடது கையால் ஸ்பூனில் சாப்பிடுகிறார், வேட்டியை நான் கட்டிவிடுகிறேன். கம்பெனியில் ஆபரேஷன் முடிந்து வா பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவள் திட்டவில்லை, "வலி போயிடுச்சின்னு நீங்க வந்து சொன்னப்ப நானும் சந்தோஷப்பட்டேன் மாமா, அப்ப இன்னும் நாலு தடவ சொல்லி அனுப்பியிருக்கணும்" என்றாள். அந்தத் தோளை இனி ஆபரேஷன் வரைக்கும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கமே எல்லாப் பாரத்தையும் தாங்கி இறுகிப்போன கழுத்துக்கும் இடது பக்கத்துக்கும் மட்டும் வைத்துவிடுகிறாள். அதில் தலைவலி குறைந்து தூக்கம் வருகிறது. அதனால்தான் கப்பு கெட்டது என்று நான் உனக்கு எழுதச் சொல்லவில்லை. அது செய்கிறதாகச் சொன்னதைச் செய்தது. அது சொல்லாததை நாமாக எதிர்பார்த்துவிட்டோம்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன் கேள். கப்பு வைத்துக்கொள்வதற்கு முன்னால் எலும்பு டாக்டரிடம் போய் முதுகைக் காட்டி உள்ளே என்ன என்று பார்த்துக்கொள். உன் இடுப்பைப் பற்றி டாக்டரம்மாவிடம் நான் கேட்டேன், வெறும் பிடிப்பாக இருந்தால் கப்பு வைத்துக்கொள்ளட்டும், நல்லதுதான், ஆனால் வலி தொடை வழியாகக் காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப் போனாலோ, ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போவதில் மாற்றம் தெரிந்தாலோ எதையும் வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள் என்றாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அங்கே கீறி ரத்தம் எடுப்பார்கள் என்றாயே, இங்கே இவருக்குக் கீறவில்லை, அப்படிச் செய்துகொள்வதென்றால் படித்து அனுமதி வாங்கியவர்களிடம் புது பிளேடு பிரிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் செய்துகொள், ரூமிலேயே ஒருத்தருக்கொருத்தர் வைத்துக்கொள்கிற வேலை வேண்டாம். வெறும் வயிற்றோடு போகாதே. எல்லாம் நல்லபடியாக ஆகி வலி போய்விட்டது என்று வை, அன்றைக்குத்தான் நீ ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மறுநாள் டூட்டிக்குப் போகாதே, போனாலும் தூக்காதே. ஃபோர்மேனிடம் வாயைத் திறந்து சொல், நம் வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நோவைச் சொல்வதென்றால் ஏதோ திருடிவிட்ட மாதிரி, உன் அப்பாவைப் போல நீயும் இருக்காதே. அவர்கள் கேட்கவில்லை என்றால் வந்துவிடு. இங்கே இரண்டு பேர் சம்பாதிக்காமல் இருந்தாலும் ராகிக் களிக்குக் குறைவில்லை, எப்படியோ ஓட்டிக்கொள்வோம். உன் அப்பாவின் கை போன விஷயம் உனக்குத் தெரியும் என்று ஃபோனில் காட்டிக்கொள்ளாதே. அவன் அங்க மனசு ஒடஞ்சிடுவான், சொல்லாத என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது.

பெரியப்பா படத்துக்கு முன்னால் விளக்கு வைத்து உன் பேரைச் சொல்லியிருக்கிறேன், குலதெய்வம் உன் முதுகுக்குத் துணையாக நிற்கும். நோயில்லாமல், தலை குனியாமல், பிள்ளை குட்டியோடு நீ நீண்ட காலம் வாழ வேண்டும். தண்ணீர் நிறையக் குடி. இதைப் படித்ததும் எனக்கு இல்லை, ஜோதி நம்பருக்கு ஒரு வார்த்தை அனுப்பு, டாக்டரிடம் எந்த நாள் போகிறாய் என்று.

உன் அம்மா,
ரங்கம்மா

அண்ணா, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருக்கிறாள். இது நான் எழுதுவது. பொங்கலிலிருந்து வீடியோவில் நீ ஒரு தடவைகூட உட்கார்ந்து பேசவில்லை. முன்பெல்லாம் கட்டிலில் சம்மணம் போட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசுவாய், இப்போது ஃபோனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு நிற்கிறாய். போன வெள்ளிக்கிழமை உன் கையிலிருந்து சாவி விழுந்தது. நீ குனியவில்லை, வலது காலால் தள்ளப் பார்த்தாய், கால் வரவில்லை, இடது காலால் தள்ளினாய். அம்மா கவனிக்கவில்லை. அப்பா பார்த்தார். எழுந்து வெளியே போய்விட்டார், நானும் பின்னால் போனேன். ஆட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டு, "உங்கம்மா எப்படியும் அவனுக்கு எழுதச் சொல்வா. எழுதும்மா. எனக்குக் கை போச்சின்னு நல்லா எழுது, ஒன்னும் கொறைக்காத. அப்பதான் அவன் கேப்பான்" என்றார். அதனால் அம்மா மெதுவாகச் சொன்ன இடங்களையும் நான் முழுசாகவே எழுதியிருக்கிறேன்.

கப்பு வேண்டாம் அண்ணா. முதலில் அந்தக் காலைக் காட்டு. சென்னகிருஷ்ணன் அண்ணனிடம் நானே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். புதன்கிழமை உன் ரூமுக்கு வந்து உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அவர் வரும்போது கதவைத் திற.

ஜோதிமணி